ஆறு நூல் பின்னும் 19 மில்லிமீட்டர் ரீமரும்: ஒரு பழைய புல்லட்டின் ஸ்மால் எண்ட் புஷ்

பாபநாசம் தாண்டி அய்யம்பேட்டைக்கு முன்னால், ஐம்பதில் போய்க்கொண்டிருந்த வண்டியை யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்ததுபோல் இருந்தது. கிளட்சைப் பிடிப்பதற்குள் பின்சக்கரம் ஒரு கீச்சுக் கீச்சி நின்றுவிட்டது. ஓரமாகத் தள்ளி ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி, கால் மணி நேரம் ஆறவிட்டு, டீகம்ப்ரஸரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை மெதுவாக அமுக்கினால் இறங்கியது. அதாவது முழுசாகப் பிடித்துக்கொள்ளவில்லை, பிஸ்டன் லேசாகச் சிலிண்டரில் ஒட்டிப் பிரிந்திருக்கிறது. நானே லேத்தில் கடைந்து போட்ட ஸ்மால் எண்ட் புஷ் (பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு சேர்க்கும் பின் உட்காரும் உலோகக் குழல்), புது பிஸ்டன், புது ரிங். எண்பது கிலோமீட்டர்கூட ஓடவில்லை.

ஏன் பிடித்தது, யார் யார் எதைக் குறை சொன்னார்கள், கடைசியில் எது காரணமாக இருந்தது என்பதை வரிசையாக எழுதி வைக்கிறேன். வீட்டில் லேத் வைத்துக்கொண்டு பழைய எஞ்சினுக்குப் பாகம் செய்கிறவர்களுக்கு உதவலாம்.

வண்டி பெரியப்பாவுடையது. எழுபதுகளின் நடுவில் வாங்கிய புல்லட் 350. வார்ப்பிரும்புச் சிலிண்டர், 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சிசி. 1955-இல் மெட்ராஸில் என்ஃபீல்டு இந்தியா ஆரம்பித்து, இங்கிலாந்தின் ரெட்டிச்சிலிருந்து வந்த வரைபடத்தை வைத்துத் திருவொற்றியூரில் செய்த எஞ்சினின் வம்சம் இது. இந்த வரலாற்றை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த வரைபடம் அங்குலத்தில் இருந்தது. நாடு மெட்ரிக்குக்கு மாறிய பிறகும் எஞ்சினுக்குள்ளே அங்குலம் அப்படியே தங்கிவிட்டது. இது எனக்கும் தெரியும். தெரிந்தேதான் மாட்டிக்கொண்டேன்.

முதலில் வந்த புகார் சத்தம். ஐடிலில் ‘டிக் டிக்’ என்று மெல்லிய உலோகச் சத்தம், எஞ்சின் சூடானாலும் போகவில்லை. பிஸ்டன் தளர்ந்து அடித்தால் சூடாக ஆக அடங்கும். பிக் எண்ட் (கனெக்டிங் ராடின் கீழ்முனை) என்றால் ஏற்றத்தில் இழுக்கும்போது அடிவயிற்றிலிருந்து ‘தொம் தொம்’ என்று வரும். இது இரண்டும் இல்லை. சிலிண்டரைக் கழற்றி, பிஸ்டனைக் கையில் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் பிஸ்டன் பின் லொடலொடவென்று ஆடியது. ஸ்மால் எண்ட் புஷ் தேய்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

கடையில் புஷ் கிடைக்காதா என்று கேட்பீர்கள். கிடைக்கும், வாங்கவும் வாங்கினேன். ஆனால் கனெக்டிங் ராடின் கண்ணுக்குள் (மேல்முனைத் துளைக்குள்) அது கையாலேயே போய் உட்கார்ந்தது. முன்பு எப்போதோ புஷ் உள்ளேயே சுற்றியிருக்கிறது, கண் தேய்ந்து கடைப் புஷ்ஷைவிட 0.04 மி.மீ. பெரிதாகிவிட்டது. அழுத்தி ஏற்ற வேண்டிய புஷ் கையால் போனால் அது நிற்காது. ராடை மாற்றலாம் என்றால் ஃப்ளைவீலை அழுத்திப் பிரித்து, மறுபடி சேர்த்து, ஓட்டம் பார்த்து நேராக்க வேண்டும். அதற்கான பிரஸ் என்னிடம் இல்லை. ஆகவே வெளிவிட்டம் கொஞ்சம் பெருத்த புஷ் ஒன்றை நானே கடைவது என்று முடிவு.

என்னிடம் இருப்பது நாலரை அடி லேத். ஒரு பம்புசெட் பட்டறை மூடும்போது பழைய விலைக்கு வாங்கியது. கொட்டகையில் ஒரு ஹெச்பி சிங்கிள் பேஸ் மோட்டாரில் ஓடுகிறது. சாயங்காலம் ஊரே விளக்குப் போடும் நேரத்தில் வோல்ட்டேஜ் இறங்கி மோட்டார் முனகும், அதனால் அளவுக்குக் கடையும் வேலையெல்லாம் காலையில்தான். ஐப்பசி மழைக்காலத்தில் பெட்டின்மேல் எண்ணெய் தடவிச் சாக்குப் போட்டு மூடாவிட்டால் ஒரே ராத்திரியில் துரு பூத்துவிடும். அரசலாற்றுக் கரை ஈரம் அப்படி.

புஷ்ஷுக்கு கன் மெட்டல் என்று சொல்லிக் கொடுத்த ஒரு ராடு வாங்கினேன். வெளிவிட்டத்தைக் கண்ணைவிட 0.05 மி.மீ. கூடுதலாக வைத்தேன். ஏற்றுவதற்கு ஒரு நீள போல்ட், இரண்டு நட்டு, புஷ்ஷைவிடப் பெரிய சாக்கெட் ஒன்று போதும். போல்ட்டை முறுக்க முறுக்கப் பழைய புஷ் ஒரு பக்கம் வெளியே வரும், புதுசு மறுபக்கம் உள்ளே போகும். கிராங்க்கேஸ் வாயில் பழைய வேட்டியை நன்றாகத் திணித்துக்கொள்ள வேண்டும். ஒரு சுருள் உள்ளே விழுந்தாலும் வேலை இரட்டிப்பு.

எனக்கு இந்த வண்டியைச் சின்ன வயசிலிருந்து பார்த்துக் கொடுக்கும் மெக்கானிக் அண்ணன் ஒருவர் உண்டு. அறுபதைத் தாண்டியவர். அவர் அப்போதே சொன்னார்: “தம்பி, அது ஆறு நூல் பின்னு. பார்த்து வாங்கு.” ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல். ஆறு நூல் என்றால் முக்கால் அங்குலம். நான் மனதுக்குள் கணக்குப் போட்டு, கடையில் போய் 19 மி.மீ. ரீமர் (துளையைக் கடைசி அளவுக்குச் சீவும் கருவி) கேட்டேன், கொடுத்தார்கள். முக்கால் அங்குலம் 19.05 மி.மீ. என்பது எட்டாம் வகுப்புக் கணக்கு. 0.05-ஐ நான் மறக்கவில்லை. ‘அதைக் கையால் சரிசெய்துகொள்ளலாம்’ என்று நினைத்தேன். மறந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இப்போது தோன்றுகிறது.

19 மி.மீ. ரீமர் போட்ட துளை 19.01 வந்தது. பின் 19.05. அது எண்ணெயோடு தடையில்லாமல், ஆட்டமும் இல்லாமல் போக, துளை 19.06-க்கும் 19.07-க்கும் நடுவில் இருக்க வேண்டும். மீதி 0.05 சொச்சத்தை எடுக்க அட்ஜஸ்டபிள் ரீமரை மாட்டி, ராடை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் சுற்றினேன். பின்னைப் போட்டுப் பார், இன்னும் கொஞ்சம் திருகு, மறுபடி சுற்று. ஆறேழு தடவை. கடைசியில் கட்டைவிரல் அழுத்தத்தில் பின் வழுக்கிக்கொண்டு போனது. ஆகா என்று இருந்தது. புகைப்படம்கூட எடுத்து வைத்தேன்.

அதுதான் எண்பது கிலோமீட்டரில் பிடித்தது.

சிலிண்டரைக் கழற்றி வைத்ததும் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னார்கள். ஆயில் ஏறவில்லை என்றார் ஒருவர். ராக்கருக்குப் போகும் ஆயில் குழாயின் போல்ட்டை ஏற்கெனவே தளர்த்திப் பார்த்திருந்தேன், ஆயில் வந்தது. புது பிஸ்டனுக்கு இடைவெளி போதவில்லை என்றார் இன்னொருவர். அளந்தேன், சரியாக இருந்தது. மிச்சம் இருந்தது உலோகம். “கடையில கன் மெட்டல்னு பித்தளையைக் குடுத்திருப்பான்” என்பது ஏறக்குறைய எல்லோரும் ஒத்துக்கொண்ட முடிவு. எனக்கும் அதுதான் பிடித்திருந்தது. தப்பு கடைக்காரர் தலையில் போய்விடும் அல்லவா.

வெட்டி மிச்சமிருந்த துண்டை எடுத்துக்கொண்டு நாச்சியார்கோவில் போனேன். குத்துவிளக்கு கடையும் பத்தர் ஒருவர் பழக்கம். அங்கே வார்த்தெடுத்த விளக்கின் பாகங்களை லேத்தில் மாட்டிக் கடைந்து, திருகிச் சேர்க்கிறார்கள். பித்தளையை அவர்களைவிட அறிந்தவர்கள் யார்? அவர் துண்டை வாங்கிச் சிமெண்டுத் தரையில் ஒரு தட்டுத் தட்டினார், அரத்தால் ஒரு ஓரத்தை ராவினார், ராவிய இடத்துக்குப் பக்கத்தில் ஒரு விளக்குத் தண்டை வைத்தார். தண்டு எலுமிச்சை மஞ்சள், என் துண்டு சிவப்பு ஓடிய மஞ்சள். “இது பித்தளை இல்லைங்க தம்பி. ஈயம் கலந்த வெண்கலம். தகரமும் இருக்கு. நல்ல சரக்குதான்.” கன் மெட்டல் என்றால் செம்பு 85 பங்கு, வெள்ளீயம் 5, துத்தநாகம் 5, ஈயம் 5 என்பது வழக்கமான கலவை. அவர் ‘தகரம்’ என்றது வெள்ளீயத்தை. ஆய்வுக்கூடச் சான்று இல்லைதான். ஆனால் கடைக்காரரைத் திட்டுவதற்கு இருந்த காரணம் அங்கேயே போய்விட்டது.

ஒரு இடைச்செருகல். சுவாமிமலைப் பக்கம் சிலை வார்ப்பவர்களிடம் சொல்லி ஒரு கட்டி வார்த்து வாங்கினால் என்ன என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் சிலைக்கான கலவை மெழுகு அச்சுக்குள் நன்றாக ஓடி, உளிக்கு இடம் கொடுக்கும்படி சேர்ப்பது. உரசலுக்கும் சூட்டுக்கும் என்று சேர்ப்பதில்லை. மணி வார்க்கும் வெண்கலமும் அப்படித்தான், வெள்ளீயம் இருபது பங்குக்கு மேல் போகும், கணீரென்று ஒலிக்கும், அடி வாங்கினால் வெடிக்கும். புஷ்ஷுக்கு கன் மெட்டல் போதும், பாஸ்பர் பிரான்ஸ் கிடைத்தால் இன்னும் நல்லது. சாமி காரியம் சாமிக்கு.

வீட்டுக்கு வந்து பிஸ்டனை வெயிலில் வைத்துப் பார்த்தேன். முதல் நாளே பார்த்திருக்க வேண்டும். உரசல் பாவாடை (பிஸ்டனின் கீழ்ப்பக்கச் சுவர்) முழுக்க இல்லை. இடப்பக்கம் மேலே, ரிங்குகளை ஒட்டி ஒரு திட்டு. வலப்பக்கம் கீழே, பாவாடையின் ஓரத்தில் ஒரு திட்டு. நடுவில் புது பிஸ்டனின் கடைசல் கோடுகள் அப்படியே இருந்தன. எண்ணெய் இல்லாமல் பிடித்திருந்தால் இப்படிக் குறுக்காகத் தேயாது. பிஸ்டன் சாய்ந்து நின்றபடி ஓடியிருக்கிறது.

சாய்ந்தது கனெக்டிங் ராடா, புஷ்ஷா? இதைப் பிரித்துப் பார்ப்பதுதான் மொத்த வேலையிலும் எனக்குப் பிடித்த பகுதி. கிராங்க்கேஸின் மேல்முகத்தில், வாய்க்கு இரண்டு பக்கமும் ஒரே உயரமுள்ள இரண்டு பட்டைகளை வைத்தேன். ராடின் புஷ்ஷுக்குள் ஆறு அங்குல நீளத்துக்கு ஒரு நேரான ராடைச் செருகி, எஞ்சினை மெதுவாகச் சுற்றி, அது பட்டைகளின்மேல் வந்து உட்காரும்படி இறக்கினேன். ஒரு பக்கம் உட்கார்ந்தது, மறுபக்கம் ஃபீலர் கேஜ் நுழைந்தது. 100 மி.மீ. தூரத்துக்கு 0.2 மி.மீ. பிக் எண்டின் பக்கவாட்டு ஆட்டம் இந்த அளவைக் கெடுக்கும் என்பதால் செருகிய ராடை அரைச்சுற்றுத் திருப்பி, மூன்று தடவை பார்த்தேன், மாறவில்லை. அப்புறம் புஷ்ஷைக் கழற்றிவிட்டு, வெறும் கண்ணுக்குச் சரியாகப் பொருந்தும் ஒரு குழலைக் கடைந்து போட்டு அதே சோதனை. இப்போது இடைவெளி 0.02-க்குள். கனெக்டிங் ராடு நேராக இருக்கிறது. கோணல் நான் ரீமர் போட்ட துளையில்.

கணக்கும் பொருந்தியது. என் புஷ்ஷின் நீளம் 25 மி.மீ. நூறுக்கு 0.2 என்றால் இருபத்தைந்துக்கு 0.05. நான் கையால் எடுத்த அதே 0.05! ரீமர் ஒரு முனையில் மேல்பக்கத்தையும் மறுமுனையில் கீழ்ப்பக்கத்தையும் தின்றிருக்கிறது. டெலஸ்கோப்பிக் கேஜ் போட்டால் இரண்டு வாயிலும் 19.09, நடுவில் 19.06. பின் ‘கட்டைவிரலில் வழுக்கியது’ என்று நான் மகிழ்ந்தது அந்த நடு இடத்தை மட்டும் பிடித்துக்கொண்டு வழுக்கியது. 75 மி.மீ. உயரப் பிஸ்டன் அந்தச் சாய்வில் மேலுக்கும் கீழுக்கும் 0.15 மி.மீ. விலகும். சிலிண்டரில் அவ்வளவு இடமே கிடையாது.

மெக்கானிக் அண்ணனிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே ஒரு டீ குடித்து முடித்தார். “ஆறு நூல்னுதானே சொன்னேன், பத்தொம்போதுன்னா சொன்னேன்?”

இரண்டாவது புஷ்ஷை அதே கன் மெட்டல் ராடின் மிச்சத்திலிருந்தே எடுத்தேன், வேண்டுமென்றேதான். புது உலோகம் போட்டு நன்றாக ஓடினால் பழியை மறுபடி உலோகத்தின்மேல் போட மனசு வரும்.

இந்த முறை லேத்திலேயே உள்துளையை முதலில் முடித்தேன். ஏற்றும்போது புஷ் நசுங்கும், உள்விட்டம் சுருங்கும். முதல் புஷ்ஷில் ஏற்றுமுன்னும் ஏற்றிய பின்னும் குறித்து வைத்த அளவுப்படி 0.05 இறுக்கத்துக்கு 0.04 சுருங்கியிருந்தது. ஆகவே துளையை 19.08-க்குக் கடைந்தேன், ஏற்றியதும் 19.04 வரும் என்று. துளை முடிந்ததும் புஷ்ஷை ஒரு மாண்ட்ரலில் (துளைக்குள் இறுகும் தண்டில்) ஏற்றி வெளிவிட்டத்தைக் கடைய வேண்டும், அப்போதுதான் உள்ளும் வெளியும் ஒரே மையத்தில் இருக்கும். ஏற்றுவதற்கு முந்தைய ராத்திரி புஷ்ஷை ஃப்ரீசரில் வைத்தேன், மீன் டப்பாவுக்குப் பக்கத்தில். வீட்டில் ஒரு பார்வை பார்த்தார்கள். நாற்பது, நாற்பத்தைந்து டிகிரி குறைந்தால் இந்த அளவு வெண்கலம் கிட்டத்தட்ட 0.02 மி.மீ. சுருங்கும். போல்ட்டை முறுக்கும்போது வித்தியாசம் கையிலேயே தெரிந்தது.

மீதி இருக்கும் 0.025-ஐ எடுக்க ரீமர் வேண்டும், ஆனால் இந்த முறை கை அதை வழிநடத்தக் கூடாது. அதற்கு ஒரு ஜிக் (ரீமரை நேராக வழிநடத்தும் சட்டம்) செய்தேன். 12 மி.மீ. இரும்புத் தகடு, சிலிண்டர் ஸ்டட்கள் நுழையத் துளைகள், நடுவில் ராடு வர வாய், வாயின் இருபுறமும் நிமிர்ந்து நிற்கும் இரண்டு காதுகள். இரண்டு காதுகளின் துளைகளும் ஒரே நேர்கோட்டில், அடித்தகட்டுக்கு இணையாக இருக்க வேண்டும். டிரில்லிங் மெஷினில் இது நடக்காது. லேத்தின் டூல்போஸ்ட்டைக் கழற்றிவிட்டு, ஜிக்கைக் கிராஸ் ஸ்லைடின்மேல் படுக்கவைத்துப் போல்ட் போட்டு, இரண்டு சென்டர்களுக்கு நடுவில் ஒரு போரிங் பாரை மாட்டிச் சுற்றவிட்டால், இரண்டு காதையும் ஒரே ஓட்டத்தில் கடைந்துவிடலாம். அந்தக் காலத்து லேத்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த வித்தைதான். உயரம் சரிவரத் தகடு வைத்து ஏற்றி இறக்கியதில் ஒரு காலைப்பொழுது போனது. பாரில் இருக்கும் பிட்டைச் சுத்தியால் தட்டித் தட்டி வெளியே தள்ளுவதுதான் வெட்டு ஆழம். டயல் கேஜைப் பிட்டின் நுனியில் வைத்துக்கொண்டு தட்ட வேண்டும். மூன்று தடவை கூடுதலாகத் தட்டி, காதுத் துளை நினைத்ததைவிடப் பெரிதாகிவிட்டது. நல்லவேளையாக அதில் எப்படியும் வழிகாட்டிக் குழல்தான் போடப்போகிறேன், குழலைப் பெரிதாகக் கடைந்தால் தீர்ந்தது.

ரீமரின் முனையும் தண்டும் வெட்டாத பகுதி. அவற்றுக்குச் சரியாக ஒவ்வொரு குழல். கூடவே 19.03 அளவில் ஒரு நீள ராடு, அதை இருபுறமும் காதில் தாங்கத் தனிக் குழல்கள். முதலில் இந்த ராடைக் காது, புஷ், காது என்று ஊடே செருகினேன். தடையில்லாமல் போனது. அதாவது லேத்தில் கடைந்த துளை ஏற்றிய பின்னும் ஏறத்தாழ நேராகவே இருக்கிறது. அந்த நிலையிலேயே கனெக்டிங் ராடைக் கிராங்க்கேஸ் வாயில் மர ஆப்பு வைத்து அசையாமல் இறுக்கிவிட்டு, செருகிய ராடை உருவி, குழலை மாற்றி, ரீமரைப் போட்டேன். பற்களில் கிரீஸ் தடவியிருந்ததால் பொடி அதிலேயே ஒட்டிக்கொண்டது. மூன்று சுற்று, அளவு, இரண்டு சுற்று, அளவு. 19.065-இல் நிறுத்தினேன். இந்த முறை நடுவிலும் வாயிலும் ஒரே அளவு. மேலே ஆயில் துளையைப் போட்டு உள்பக்கப் பிசிறைச் சுரண்டிவிட்டேன். முதல் புஷ்ஷில் இந்தப் பிசிறையும் விட்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பட்டைகளை வைத்து மறுபடி பார்த்தபோது நூறுக்கு 0.03.

சிலிண்டரில் அப்பியிருந்த அலுமினியத்தைக் காஸ்டிக் சோடாக் கரைசல் தொட்டுத் துடைத்தே எடுத்தேன். அது அலுமினியத்தைக் கரைக்கும், வார்ப்பிரும்பை ஒன்றும் செய்யாது. கையுறை, கண்ணாடி இரண்டும் கட்டாயம், அலுமினியப் பாகம் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. பிஸ்டனைக் காப்பாற்ற முடியவில்லை, இன்னொன்று வாங்கினேன்.

மேட்டூர் தண்ணீர் வந்து குறுவை நடவு நடந்துகொண்டிருந்த சமயத்தில் ஓட்ட ஆரம்பித்தேன். முதல் ஐந்நூறு கிலோமீட்டர் நாற்பதுக்குள். ஆயிரம் தாண்டியதும் சந்தேகத்துக்குச் சிலிண்டரை ஒரு தடவை கழற்றினேன். பாவாடையில் முன்னும் பின்னும் சீரான மினுமினுப்பு, குறுக்குத் திட்டு இல்லை. பின் ஆடவில்லை. ‘டிக் டிக்’ போய்விட்டது. காலையில் குளிர்ந்த எஞ்சினில் இரண்டு நிமிஷம் பிஸ்டன் லேசாகத் தட்டுகிறது, சூடானதும் அடங்கிவிடுகிறது. அதை நான் தொடப்போவதில்லை.

ஜிக்கை மெக்கானிக் அண்ணன் ஒரு நாளைக்கு என்று வாங்கிப்போய் இரண்டு மாதம் ஆகிறது. போன வாரம் கேட்கப் போனேன். வேறொருவருடைய புல்லட்டின் கிராங்க்கேஸ்மேல் அது போல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது. காதில் பெயிண்டால் ‘6 நூல்’ என்று எழுதி வைத்திருக்கிறார்.